வீட்டுக் கணிப்பொறிக்கு வைரஸ் பாதுகாப்பு: தேர்ந்தெடுக்கும் முறை

மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், பயிர்க் கணக்கெடுப்பு, பயனாளிகளின் பெயர்ப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், குடும்பத்தின் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் இன்று பெரும்பாலும் வீட்டில் உள்ள ஒரே கணிப்பொறியில் சேமித்து வைக்கப்படுகின்றன. பல ஆண்டுகளில் சேர்ந்த இச்செல்வம் சில நிமிடங்களில் அழிந்துபோகக்கூடும் என்பதைப் பலர் இழந்த பின்னரே உணர்கின்றனர். கணிப்பொறி வாங்கும்போது கடைக்காரர் ஏதேனும் ஓர் ஆன்டிவைரஸ் பெட்டியையும் சேர்த்துத் தருகிறார். அது தேவையா, தேவையெனில் எது நல்லது, விலை கொடுத்து வாங்குவதா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா என்பவற்றை முடிவு செய்வதற்குரிய அளவுகோல் வாங்குபவரிடம் இருப்பதில்லை. அவ்வளவுகோலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைரஸ் என்பது யாது?

கணிப்பொறி வைரஸ் உயிருள்ள பொருள் அன்று. அது மனிதர் எழுதிய ஒரு நிரல். வேறொரு நிரலுக்குள் புகுந்து, அதனுள் தன் பிரதி ஒன்றைப் பதித்து, அந்நிரல் இயங்கும்போதெல்லாம் தானும் இயங்கி மேலும் பரவுவது அதன் இயல்பு. அமெரிக்காவில் பிரெட் கோஹன் என்னும் ஆராய்ச்சி மாணவர் 1983-ல் இத்தகைய நிரலை எழுதிப் பரிசோதித்துக் காட்டினார். ஐந்து முறை நடத்தப்பட்ட அப்பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே கணிப்பொறியின் முழு அதிகாரமும் வைரஸின் கைக்குச் சென்றது. ஐ.பி.எம். வகைச் சொந்தக் கணிப்பொறிகளில் முதன்முதலாகப் பரவிய ‘பிரெயின்’ என்னும் வைரஸ் 1986-ல் லாகூரில் எழுதப்பட்டது. அக்காலத்தில் வழங்கிய பிளாப்பி தட்டுகளின் வழியாக அது நாடு விட்டு நாடு சென்றது.

இன்று ‘வைரஸ்’ என்னும் சொல் கேடு விளைக்கும் எல்லா நிரல்களையும் குறிக்கும் பொதுச்சொல்லாக வழங்குகிறது. எனினும் அவற்றின் வகைகளை அறிதல் அவசியம். பிற நிரலின் துணையின்றித் தானாகவே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவிச் செல்வது ‘வோர்ம்’ எனப்படும் புழு. பயனுள்ள நிரலைப் போல வேடமிட்டு, உரியவரின் கையாலேயே நிறுவப்படுவது ‘டிரோஜன்’. ஓசையின்றி உள்ளே தங்கிக் கடவுச்சொற்களைத் திருடுவது உளவு நிரல். கோப்புகளை எல்லாம் மறைகுறியாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்பது ‘ரான்சம்வேர்’. வீட்டுக் கணிப்பொறிக்குப் பேரழிவை விளைவிப்பது இவற்றுள் கடைசியில் கூறப்பட்டதே. திருடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்; வேறு பிரதி இல்லாத கோப்பு பூட்டப்பட்டால் அதனைப் பெரும்பாலும் திரும்பப் பெற இயலாது.

நுழையும் வழிகள்

ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் மிகவும் பழக்கமான வழி பென் டிரைவ் ஆகும். வினாத்தாளையோ அறிக்கையையோ அச்சிடுவதற்காக ஜெராக்ஸ் கடைக்கு அது கொண்டு செல்லப்படுகிறது. அக்கடையின் கணிப்பொறியில் ஒரே நாளில் பலருடைய பென் டிரைவ்கள் செருகப்படுகின்றன. முன்பு பென் டிரைவைச் செருகிய உடனேயே அதிலுள்ள நிரல் தானாக இயங்கும் வசதி இருந்தது. புழுக்கள் அதனைப் பயன்படுத்திக்கொண்டன. 2011-ஆம் ஆண்டளவில் அவ்வசதி விண்டோஸில் முடக்கப்பட்டபின் அவை வேறு தந்திரத்தை மேற்கொண்டன. பென் டிரைவில் உள்ள உண்மையான கோப்புறைகளைக் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழிச் சின்னத்தை வைக்கின்றன. உரியவர் அதனைச் சொடுக்கியவுடன் முதலில் புழு இயங்குகிறது. பின்னர் கோப்புறையும் திறக்கிறது. ஆகவே சந்தேகம் எழுவதில்லை.

இரண்டாவது வழி மின்னஞ்சலிலும் செய்திச் செயலிகளிலும் வரும் இணைப்புகள். ‘பில்’ என்றும் ‘அரசாணை’ என்றும் பெயரிட்டு வரும் கோப்பு, உண்மையில் இயங்கும் நிரலாக இருக்கக்கூடும். கோப்பின் வகையைக் காட்டும் கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைப்பதால் இவ்வேடம் எளிதாகிறது. மூன்றாவது வழி, விலை கொடுக்காமல் உபயோகிப்பதற்காகப் பூட்டு உடைக்கப்பட்டு உலவும் நிரல்கள். அவற்றை நிறுவுமுன் “ஆன்டிவைரஸை நிறுத்திவிடுக” என்று கூறும் குறிப்பு ஒன்றும் அவற்றோடு வருவதுண்டு. அக்குறிப்பின் உட்பொருளை விளக்க வேண்டுவதில்லை.

நான்காவது வழி, இயக்க நிரலில் உள்ள குறைபாடு. 2017 மே 12-ஆம் தேதி ‘வானாகிரை’ என்னும் ரான்சம்வேர் புழு உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைபட்டன. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணிப்பொறிகளும் கேரளத்தின் ஊராட்சி அலுவலகங்கள் சிலவும் இதற்கு இலக்காயின. எவரும் எதையும் சொடுக்க வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. ஆனால் அது பயன்படுத்திய குறைபாட்டைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருந்த கணிப்பொறிகளுக்குள் அக்குறைபாட்டின் வழியே புழுவால் புக முடியவில்லை.

தடுப்பு நிரல் வேலை செய்யும் விதம்

ஆன்டிவைரஸ் என வழங்கும் தடுப்பு நிரல் நான்கு முறைகளைக் கையாளுகிறது. முதலாவது, அடையாள ஒப்பீடு. முன்னரே பிடிபட்ட ஒவ்வொரு வைரஸுக்கும் உரிய தனிப்பட்ட குறியீட்டுத் தொடரைப் பட்டியலிட்டு, கணிப்பொறியில் உள்ள கோப்புகளை அப்பட்டியலோடு ஒப்பிடுவது இம்முறை. இது விரைவானது, பிழை குறைந்தது. ஆனால் பட்டியலில் இல்லாத புதிய வைரஸ் தப்பிவிடும். ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் உள்ள ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம், நாளொன்றுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய கேடு நிரல்களும் விரும்பத்தகாத நிரல்களும் தன் பதிவில் சேர்வதாகத் தெரிவித்துள்ளது. இவற்றுள் மிகப் பல, பழைய நிரலே உருவம் சிறிது மாற்றப்பட்டு வருபவை. பட்டியல் ஒரு வாரம் பழையதானாலும் பாதுகாப்பு குறைந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது முறையில், கோப்பின் அமைப்பு சந்தேகத்திற்கு இடமளிக்கிறதா என்று ஆராயப்படுகிறது. மூன்றாவது முறையில், இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நடத்தை கண்காணிக்கப்படுகிறது. ஒரு நிரல் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆவணங்களைத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால், அதன் பெயர் எதுவாயினும் அது தடுத்து நிறுத்தப்படும். நான்காவது முறையில், புதிதாகத் தென்படும் கோப்பைப் பற்றி இணையத்தின் வழியே நிறுவனத்தின் மையக் கணிப்பொறியிடம் உடனே விசாரித்து விடை பெறப்படுகிறது.

முழுமையான தடுப்பு ஏன் இயலாது?

“நூற்றுக்கு நூறு பாதுகாப்பு” என்னும் விளம்பரத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் நிரல் ஒன்றை எழுதவே இயலாது என்பதைக் கோஹன் தர்க்க முறையில் நிறுவினார். அவ்வாதம் வகுப்பில் விளக்கும் அளவுக்கு எளிமையானது. பிழையே செய்யாத சோதனை நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒருவர் வேறொரு நிரலை எழுதுகிறார். அந்நிரல் தன்னைப் பற்றி அச்சோதனை நிரலிடமே கேட்கிறது. “நீ வைரஸ்” என்று விடை வந்தால் அது எதுவும் செய்யாமல் இருந்துவிடுகிறது. “நீ வைரஸ் அன்று” என்று விடை வந்தால் பரவத் தொடங்குகிறது. எந்த விடை கூறினாலும் அது பொய்யாகிவிடுகிறது. எனவே பிழையே செய்யாத சோதனை நிரல் இருத்தல் இயலாது.

தவறுகள் இரு வகைப்படும். வைரஸைத் தப்பவிடுவது ஒன்று. குற்றமற்ற கோப்பை வைரஸ் எனக் கூறுவது மற்றொன்று. இரண்டாவது தவறின் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு கணிப்பொறியில் 2,00,000 நல்ல கோப்புகளும் 5 தீய கோப்புகளும் உள்ளன என்று கொள்வோம். ஒரு தடுப்பு நிரல் ஐந்து தீய கோப்புகளையும் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் நல்ல கோப்புகளில் ஆயிரத்தில் ஒன்றைத் தவறாகப் பழிக்கிறது. அப்போது எழும் எச்சரிக்கைகள் 205; அவற்றுள் 200 பொய்யானவை. இத்தகைய நிரலை உபயோகிப்பவர் நாளடைவில் எச்சரிக்கைகளைப் படிக்காமலேயே மூடிவிடப் பழகுவார். உண்மையான எச்சரிக்கையும் அவ்வாறே மூடப்படும். ஆகவே கண்டறியும் விகிதத்தை மட்டும் கூறி, தவறாகப் பழிக்கும் விகிதத்தைக் கூறாத விளம்பரம் பாதித் தகவலே ஆகும்.

தேர்ந்தெடுப்பதற்குரிய அளவுகோல்கள்

முதலாவதாக, கணிப்பொறியில் ஏற்கனவே உள்ளதை அறிதல் வேண்டும். 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ‘டிபெண்டர்’ என்னும் தடுப்பு நிரல் விண்டோஸுடனேயே விலையின்றி இணைந்து வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டால் அது தானே விலகிக்கொள்ளும். மற்றது நீக்கப்பட்டால் வழக்கமாக மீண்டும் பொறுப்பேற்கும். ஆகவே வீட்டுக் கணிப்பொறிக்குக் கேட்க வேண்டிய கேள்வி “ஆன்டிவைரஸ் வேண்டுமா?” என்பதன்று, “இருப்பதைக் காட்டிலும் மேலானது ஒன்று வேண்டுமா?” என்பதே.

இரண்டாவதாக, இயக்க நிரலின் வயதைப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. திருத்தங்கள் வராத இயக்க நிரலின்மேல் எத்துணை உயர்ந்த ஆன்டிவைரஸை நிறுவினாலும், அது சுவர் இடிந்த வீட்டின் வாயிலுக்குப் பூட்டுப் போடுவதை ஒக்கும். விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கணிப்பொறிகளில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ போன்ற லினக்ஸ் வகை இயக்க நிரல்களை நிறுவி உபயோகிக்கலாம். அவற்றைத் தாக்கும் வைரஸ்கள் அறவே இல்லை என்பதன்று. வீட்டுக் கணிப்பொறிகளைக் குறிவைக்கும் பெரும்பாலான வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை என்பதே அதன் அனுகூலம்.

மூன்றாவதாக, விற்பவரின் சொல்லை விடுத்து நடுநிலைப் பரிசோதனையை நாடுதல் வேண்டும். மேலே கூறிய ஏ.வி.-டெஸ்ட் நிறுவனமும், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் உள்ள ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் நிறுவனமும் தடுப்பு நிரல்களைக் குறித்த காலங்களில் பரிசோதித்து முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. முன்னது பாதுகாப்பு, வேகம், உபயோக வசதி ஆகிய மூன்றுக்கும் தலா 6 என 18 மதிப்பெண்கள் வழங்குகிறது. ஒரு முறை பெற்ற முதலிடத்தைக் காட்டிலும், ஓராண்டு முழுவதும் தொடர்ந்து பெற்ற நல்ல மதிப்பெண்ணே நம்பத்தக்கது.

நான்காவதாக, இணைய வசதியைக் கருத வேண்டும். இணைய விசாரணையையே பெரிதும் நம்பியுள்ள சில நிரல்களின் கண்டறியும் திறன், இணைப்பு இல்லாதபோது கணிசமாகக் குறைந்துவிடுகிறது. ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் தன் பரிசோதனையில் இணையம் இல்லாதபோது கண்டறியும் விகிதத்தையும் வெளியிடுகிறது. இணைப்பு அடிக்கடி அறுபடும் கிராமத்தில், பென் டிரைவை மிகுதியாக உபயோகிக்கும் பணியாளருக்கு முதலில் பார்க்கத்தக்க எண் இதுவே.

ஐந்தாவதாக, கணிப்பொறியின் வலிமைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 4 ஜி.பி. நினைவகம் மட்டுமே உள்ள கணிப்பொறியில் பல வசதிகள் ஒருங்கே அடங்கிய பெரிய தொகுப்பை நிறுவினால் வேலை மந்தமாகும். மந்தத்தைப் பொறுக்காதவர் கடைசியில் பாதுகாப்பையே நிறுத்திவிடுவார்.

ஆறாவதாக, இலவசத்தின் விலையை அறிதல் வேண்டும். இலவச ஆன்டிவைரஸ் வழங்கிய அவாஸ்ட் நிறுவனம், உபயோகிப்பவர்கள் இணையத்தில் பார்வையிட்டவை பற்றிய விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றதற்காக, 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளாகி 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. தடுப்பு நிரல் கணிப்பொறியின் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அதிகாரம் பெற்றது என்பதால், அதனை அளிப்பவரின் நாணயமும் ஆராயத்தக்கது.

ஏழாவதாக, விலை கொடுத்து வாங்குவோர் முதலாண்டு விலையை மட்டும் பார்த்தல் ஆகாது. இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணம், எத்தனை கணிப்பொறிகளுக்கு உரிமம், அறிந்த மொழியில் தொலைபேசி உதவி கிடைக்குமா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். சென்னையின் கே7, புணேயின் குயிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களின் நிரல்களும் சந்தையில் உள்ளன. அவற்றையும் மேற்கூறிய அளவுகோல்களாலேயே மதிப்பிட வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருங்கே நிறுவுவதால் இருமடங்கு பாதுகாப்புக் கிடைப்பதில்லை. ஒன்றை மற்றொன்று சந்தேகித்துத் தடுப்பதால் கணிப்பொறி முடங்கவும் கூடும். ஒன்றே போதுமானது.

“உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று இணையப் பக்கத்தின் நடுவே தோன்றும் அறிவிப்பு மோசடியே ஆகும். உண்மையான தடுப்பு நிரல் இணையப் பக்கத்தின் வாயிலாகத் தொலைபேசி எண் தந்து அழைக்கச் சொல்வதில்லை.

அரசின் உதவிகள்

கணிப்பொறிப் பாதுகாப்பு நெருக்கடிகளைக் கவனிப்பதற்கென மத்திய அரசு 2004-ல் ‘செர்ட்-இன்’ என்னும் அமைப்பை நிறுவியது. அவ்வமைப்பின்கீழ் 2017 பிப்ரவரியில் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரம்’ தொடங்கப்பட்டது. கணிப்பொறியில் ஒளிந்திருக்கும் கேடு நிரல்களை அகற்றும் கருவிகளை, இந்திய ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் அது இலவசமாக வழங்கத் தொடங்கியது. பென் டிரைவ் உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் ‘யூ.எஸ்.பி. பிரதிரோத்’, அனுமதிக்கப்பட்ட நிரல்களை மட்டும் இயங்கவிடும் ‘ஆப் சம்வித்’ ஆகிய சி-டாக் படைப்புகளும் அதன் வாயிலாக வெளியிடப்பட்டன. வங்கிக் கணக்கிலிருந்து பணம் மோசடியாக எடுக்கப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

நிரலோடு சேர வேண்டிய பழக்கங்கள்

பூச்சிமருந்து மட்டும் பயிரைக் காப்பதில்லை என்பதைக் களப் பணியாளர்கள் நன்கு அறிவர். நல்ல விதை, வயல் வரப்புத் தூய்மை, உரிய காலத்துக் கண்காணிப்பு ஆகியவற்றோடு சேரும்போதே மருந்து பயன் தருகிறது. கணிப்பொறிக்கும் இது பொருந்தும்.

1. இயக்க நிரலின் திருத்தங்களும் உலாவியின் திருத்தங்களும் தானாக வந்து சேருமாறு அமைத்து வைத்தல்.

2. அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கை உபயோகித்தல். கேடு நிரல் நுழைந்தாலும் அதன் கை நீளாது.

3. கோப்பு வகையைக் காட்டும் கடைசிப் பகுதி எப்போதும் கண்ணுக்குத் தெரியுமாறு விண்டோஸை அமைத்தல்.

4. வெளியே சென்று வந்த பென் டிரைவைத் திறக்குமுன் ஆன்டிவைரஸால் சோதித்தல். அச்சிடுவதற்கெனத் தனியாக ஒரு பென் டிரைவை வைத்துக்கொண்டு, அதில் அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் எடுத்துச் செல்லுதல் இன்னும் நன்று.

5. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் முறையைக் கடைப்பிடித்தல். பிரதி எடுத்தவுடன் வெளி வட்டைக் கணிப்பொறியிலிருந்து கழற்றிவிட வேண்டும். செருகியே வைக்கப்பட்ட வட்டில் உள்ள பிரதியையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.

வகுப்பறையில் ஒரு செய்முறை

நிறுவப்பட்ட ஆன்டிவைரஸ் விழிப்புடன் உள்ளதா என்று அறிய உண்மையான வைரஸைத் தேட வேண்டியதில்லை. அவ்வாறு தேடுதலும் ஆபத்தானது. இதற்கெனவே ‘ஐகார்’ என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சி அமைப்பு 68 எழுத்துக்களே கொண்ட சோதனைக் கோப்பு ஒன்றை வெளியிட்டுள்ளது. அது எக்கேடும் விளைப்பதன்று. பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிரல்கள் அதனை வைரஸ் போலக் கருதி எச்சரிக்கின்றன. அவ்வமைப்பின் இணையதளத்திலிருந்து அக்கோப்பைப் பெற்றுச் சேமிக்க முயன்றால், செயல்படும் ஆன்டிவைரஸ் உடனே தடுக்கும். தடுக்கவில்லையெனில் பாதுகாப்பு நிறுத்தப்பட்டிருக்கலாம், அல்லது உரிமம் காலாவதியாகியிருக்கலாம். பள்ளியின் கணிப்பொறி அறையில் இதனைச் செய்து காட்டும்போது, எச்சரிக்கைச் செய்தியை நிதானமாகப் படிக்கும் பழக்கத்தையும் மாணவர்களுக்குக் கற்பிக்கலாம்.

முடிவாக

திருத்தங்கள் தவறாது வரும் இயக்க நிரலும் நிலையான இணைப்பும் உள்ள வீட்டுக்கு, அதனுடன் வரும் இலவசத் தடுப்பு நிரலே பெரும்பாலும் போதுமானது. இணைப்பு குறைவான இடத்தில் இருப்போரும், பலருடைய பென் டிரைவ்களைக் கையாள வேண்டியவர்களும், தொலைபேசி வழி உதவியை விரும்புவோரும் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து ஒன்றை விலைக்கு வாங்குதல் பொருந்தும். ஆன்டிவைரஸ் அல்லது வெளி வட்டு ஆகிய இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே கையில் பணம் இருக்குமாயின், வெளி வட்டையே வாங்குதல் வேண்டும். எந்த ஆன்டிவைரஸும் என்றேனும் ஒரு நாள் ஏமாறக்கூடும். அன்று எஞ்சி நிற்பது, கழற்றித் தனியே வைக்கப்பட்ட பிரதி ஒன்றே.